திருப்பலியில் 'பலி' என்பது விவிலியத்தில் எங்கே இருக்கிறது?

மறைக்கல்வி_அருள்:

எல்லோருக்கும் வணக்கம். மேல்வகுப்பு மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு நற்கருணைப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இவர்கள் கல்லூரிக்கோ வேலைக்கோ போனதும் முதலில் சந்திக்கப்போகிற கேள்வி, "உங்கள் பூசை (திருப்பலி) பைபிளில் எங்கே இருக்கிறது?" என்பதுதான். நம்மில் பலர் உடனே யோவான் 6ஐ எடுப்போம். இல்லையென்றால் இறுதி இராவுணவு. இரண்டும் சரி. ஆனால் 1 கொரிந்தியர் 10இல் தொடங்குவதுதான் நல்லது என்பது என் எண்ணம். காரணத்தை எழுதுகிறேன், மறுப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

அந்த அதிகாரத்தில் பவுல் நற்கருணைப் பாடம் நடத்த வரவில்லை. கொரிந்துச் சபையின் சிக்கல் வேறு: சிலைகளுக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா? கொரிந்து நகரில் கிரேக்கரின் நலம்தரும் தெய்வமான அஸ்கிளேப்பியுஸின் கோவிலையொட்டி விருந்து அறைகள் இருந்ததை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். சுவரோரமாகச் சாய்ந்து உண்ண இருக்கைகள்கூட இருந்தன. நண்பன் ஒருவன் அங்கே விருந்துக்குக் கூப்பிட்டால் கிறிஸ்தவன் போகலாமா?

இதற்குப் பதில் சொல்லும்போது பவுல் மூன்று பந்திகளை அடுத்தடுத்து வைக்கிறார். ஒன்று எருசலேம் ஆலயத்தில் பலிப்பொருளை உண்பவர்களின் பந்தி. இன்னொன்று சிலைகளுக்குப் படைத்ததை உண்பவர்களின் பந்தி. மூன்றாவது ஆண்டவருடைய பந்தி. பலிப்பொருளை உண்பவர்கள் பலிபீடத்தோடு உறவு கொள்கிறார்கள் என்கிறார் (10:18). ஆகவே ஆண்டவருடைய பந்தியிலும் பேய்களுடைய பந்தியிலும் ஒரே ஆள் பங்குகொள்ள முடியாது (10:21). நாம் பிட்கிற அப்பம் கிறிஸ்துவின் உடலில் பங்குகொள்ளுதல் அல்லவா என்று கேட்பதும் இதே இடத்தில்தான் (10:16).

நம் ஊரில் இதற்கு விளக்கவுரையே தேவையில்லை. படையலில் வைத்து எடுத்த பொங்கலை வாங்கிச் சாப்பிடுவது வெறும் பொங்கல் சாப்பிடுவது இல்லை என்பது எந்தக் கிராமத்துப் பாட்டிக்கும் தெரியும். படைத்ததை உண்பவர் அந்த வழிபாட்டில் பங்காளி ஆகிறார். பவுலின் வாதம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. ஆண்டவருடைய பந்தி பலியோடு சேராத சாதாரண நினைவு விருந்தாக இருந்திருந்தால், அதை இரண்டு பலிப் பந்திகளுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கவே முடியாது. வாதம் உடைந்துபோகும்.

இன்னொன்று. இந்தக் கடிதம் ஏறக்குறைய கி.பி. 54–55இல் எழுதப்பட்டது. நான்கு நற்செய்திகளும் இதற்குப் பிறகு எழுதப்பட்டவை என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். அப்போதே பவுல், தான் பெற்றுக்கொண்டதை ஒப்படைத்ததாகச் சொல்கிறார் (11:23). அதாவது புதிய ஏற்பாடு புத்தகமாகச் சேருவதற்கு முன்பே இந்தப் பந்தி நடந்துகொண்டிருந்தது. பைபிளைப் பார்த்துப் பூசை வரவில்லை. பூசை நடந்துகொண்டிருந்த சபையின் கையில்தான் இந்த எழுத்துகள் பிறந்தன.

வேதப்பிரியன்_நெல்லை:

பிரதர், அமைதியாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. பந்தியை நாங்களும் மறுக்கவில்லை. எங்கள் சபையிலும் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து உண்டு. ஆனால் 'பலி' என்று சொல்லும்போது எபிரெயர் நிருபம் குறுக்கே நிற்கிறதே! 7:27, 9:28, 10:10 முதல் 14 வரை வாசித்துப் பாருங்கள். கிறிஸ்து ஒரேதரம் பலியானார். சிலுவையில் "முடிந்தது" என்றார் (யோவான் 19:30). முடிந்துபோன பலியை உங்கள் ஃபாதர் தினமும் காலையில் பீடத்தில் மறுபடி செலுத்துகிறார் என்றால், சிலுவை போதாது என்று ஆகாதா? இதைச் சண்டைக்காகக் கேட்கவில்லை. என் மனைவியின் குடும்பம் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்)தான்.

தரங்கை_லூத்தரன்:

நான் லூத்தரன் சபையைச் சேர்ந்தவன். ஒரு விஷயத்தை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்துவின் சரீரம் அப்பத்தில் மெய்யாகவே இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது பலியா என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியில் நாங்கள் கத்தோலிக்கர் பக்கம்தான் அதிகம் சாய்வோம். 1529இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் லூத்தரும் சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தவாதி சுவிங்கிலியும் சந்தித்தபோது, "இது என் சரீரம்" என்ற வசனத்தை லூத்தர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு அதைவிட்டு நகரவே மறுத்தார். ஆனால் பலி என்ற இடத்தில் அவர் ரோமோடு கடுமையாக மோதினார். ஆகவே அருள் அண்ணன் பதில் சொல்லவேண்டியது இரண்டாவது கேள்விக்கு.

மறைக்கல்வி_அருள்:

லூத்தரன் சகோதரருக்கு நன்றி, முடிச்சைச் சரியாகக் காட்டினீர்கள்.

வேதப்பிரியன், முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்து மறுபடி மறுபடி கொல்லப்படுகிறார் என்று கத்தோலிக்கத் திருச்சபை ஒருநாளும் போதித்தது இல்லை. 1562இல் ஆயர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கம் இதற்கென்றே ஓர் அமர்வு நடத்தியது. சிலுவையில் பலியானவரும் அவரே, பீடத்தில் ஒப்புக்கொடுக்கிறவரும் அவரே, ஒப்புக்கொடுக்கிற முறை மட்டும்தான் வேறு என்றது அந்தச் சங்கம். சிலுவையில் இரத்தம் சிந்தி, பீடத்தில் இரத்தம் சிந்தாமல். ஆகவே இரண்டாவது பலி என்று ஒன்று கிடையாது. கல்வாரியின் ஒரே பலிக்கு முன்னால் நாம் கொண்டுவந்து நிறுத்தப்படுகிறோம்.

"சரி, அது எப்படி முடியும்?" என்றால், எகிப்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் யூதர்களின் பாஸ்காவைப் பாருங்கள். விடுதலைப் பயணம் 12ஐ நிதானமாக வாசித்தால், ஆட்டை அடித்து நிலைக்கால்களில் இரத்தம் பூசியதோடு வேலை முடியவில்லை. அன்றிரவே அதை நெருப்பில் வாட்டி, புளியாத அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் உண்டாக வேண்டும் (12:8). இடுப்பில் கச்சை, காலில் செருப்பு, கையில் கோல், விரைவாக உண்ண வேண்டும் (12:11). பலியானதை உண்ணாவிட்டால் பாஸ்கா பாதியில் நிற்கிறது. பிறகு இதைத் தலைமுறைதோறும் நினைவு நாளாகக் கொண்டாடச் சொல்கிறார் ஆண்டவர் (12:14). பல தலைமுறை கழித்துப் பிறந்த ஒரு தகப்பன் தன் மகனிடம் என்ன சொல்ல வேண்டும்? நான் எகிப்திலிருந்து வெளியேறியபோது ஆண்டவர் எனக்குச் செய்ததை முன்னிட்டே இது என்று (13:8). "என் முன்னோர்" என்று இல்லை, "எனக்கு". யூதர்களின் பழைய சட்ட மரபுத் தொகுப்பான மிஷ்னாவும் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தாமே எகிப்திலிருந்து வெளியேறியதாக எண்ண வேண்டும் என்கிறது. விடுதலை நடந்தது ஒரே முறை. ஆனால் பந்தியில் அமர்கிற ஒவ்வொருவரும் அந்த விடுதலைக்குள் வருகிறார்.

இயேசு "இதை என் நினைவாகச் செய்யுங்கள்" என்று சொன்னது பாஸ்கா விருந்தில். அந்தச் சூழலை விட்டுவிட்டு 'நினைவு' என்றதும் புகைப்படத்துக்கு மாலை போடுகிற நினைவு நாளாக நாம் எடுத்துக்கொண்டால் வசனத்துக்கே அநியாயம் செய்கிறோம்.

அடுத்தது கிண்ணம். "உடன்படிக்கையின் இரத்தம்" என்ற சொற்கள் மாற்கு 14:24இல் இயேசுவின் வாயில் வருகின்றன. அவை எங்கிருந்து வந்தவை? விடுதலைப் பயணம் 24:8. சீனாய் மலையடிவாரத்தில் மோசே பலிபீடம் கட்டி, 12 குலங்களுக்கு 12 தூண்கள் நிறுத்தி, காளைகளைப் பலியிட்டு, இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின்மேலும் மறுபாதியை மக்கள்மேலும் தெளித்தபோது சொன்ன சொற்கள். அதற்கு முன்னால் உடன்படிக்கை ஏட்டை எடுத்து மக்கள் காதுபட வாசித்தார். அதற்குப் பின்னால் மூப்பர் எழுபது பேர் மலையேறி, கடவுளைக் கண்டு, உண்டு குடித்தார்கள் (24:11). வாசகம், பலி, விருந்து. மூன்றும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. நம் பூசையின் அடித்தளம் இங்கேதான் தெரிகிறது.

எபிரேயர் திருமுகம் குறுக்கே நிற்கவில்லை ஐயா, துணைக்கு நிற்கிறது. ஒவ்வொரு தலைமைக் குருவும் காணிக்கையும் பலியும் செலுத்தவே ஏற்படுத்தப்படுகிறார், ஆகவே இவரும் செலுத்த ஏதாவது வைத்திருக்க வேண்டும் என்கிறது 8:3. நமக்கு ஒரு பலிபீடம் உண்டு என்கிறது 13:10. திருவெளிப்பாடு 5:6இல் ஆட்டுக்குட்டி விண்ணக அரியணை நடுவே கொல்லப்பட்டதுபோல் நிற்கிறது. உயிரோடு நிற்கிறது, ஆனால் பலியின் தழும்போடு நிற்கிறது. அந்தப் பலி முடிந்துபோய் எங்கோ பின்னால் தள்ளப்பட்ட சம்பவம் அல்ல, தந்தையின் முன்னிலையில் என்றும் இருக்கிறது.

மன்னார்க்கடல்:

வாசகம், பலி, விருந்து என்று அண்ணா எழுதினதும் உயிர்த்த இயேசு இரண்டு சீடர்களோடு எம்மாவு ஊருக்கு நடந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. லூக்கா 24. வழியில் இயேசு மோசே தொடங்கி இறைவாக்கினர் வரை எல்லாவற்றையும் விளக்குகிறார். உள்ளம் பற்றி எரிகிறது, ஆனால் ஆள் யாரென்று தெரியவில்லை. பந்தியில் அப்பத்தை எடுத்து, போற்றி, பிட்டு, கொடுத்தபோதுதான் கண்கள் திறந்தன. உடனே அவர் மறைந்து போகிறார். எங்கட சுவாமி ஒரு முறை பிரசங்கத்தில் சொன்னது: பூசையின் இரண்டு பகுதிகளும் இந்த ஒரு மாலைப்பொழுதுக்குள் இருக்கின்றன, முதல் பாதிக்கு வராமல் நன்மை (நற்கருணை) வாங்க மட்டும் வருகிறவர் வழிப்பேச்சைத் தவறவிட்டவர். பிந்திப் பூசைக்குப் போகிற எல்லாருக்கும் அது சுட்டது.

பழைய_பீடச்சிறுவன்:

வயதானவன் ஒரு வார்த்தை சொல்கிறேன். இலத்தீன் பூசைக் காலத்தில் பீடத்தில் உதவி செய்தவன் நான். அப்போது சாமியார் பீடத்தைப் பார்த்து மெதுவான குரலில் ஜெபிப்பார், கோவிலில் பாதிப்பேர் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்தியைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் வாசகம் காதில் விழுந்தது குறைவு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாட்டு ஆவணத்தில் விவிலியக் கருவூலத்தை விசுவாசிகளுக்குத் தாராளமாகத் திறந்து வைக்கச் சொன்னது. 1969இல் புதிய வாசக முறை வந்தது. ஞாயிற்றுக்கு மூன்று ஆண்டுச் சுழற்சி, வாரநாளுக்கு இரண்டு ஆண்டுச் சுழற்சி. இன்று ஒருவர் மூன்று ஆண்டு ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்தாலே நான்கு நற்செய்திகளின் பெரும்பகுதியைக் கேட்டிருப்பார்.

அப்புறம், ரோமை நற்கருணை மன்றாட்டில் ஆபேல், ஆபிரகாம், ஆபிரகாமுக்கு அப்பமும் இரசமும் கொண்டுவந்த குரு மெல்கிசெதேக்கு என்று பலி செலுத்திய மூன்று பேர் பெயர் வரும். இத்தாலியில் ரவென்னா நகரத்துப் புனித வித்தாலிஸ் கோவிலின் படத்தை மகன் கைப்பேசியில் காட்டினான். 6ஆம் நூற்றாண்டுச் சில்லோவியம். நடுவில் ஒரு பலிபீடம், அதில் அப்பமும் கிண்ணமும். ஒரு பக்கம் ஆபேல் ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், மறுபக்கம் மெல்கிசெதேக்கு அப்பத்தை உயர்த்துகிறார். அந்தச் சுவருக்குப் பக்கத்துப் பீடத்தில்தான் பூசை நடந்திருக்கும். சாமியார் ஜெபித்ததை மக்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

வேதப்பிரியன்_நெல்லை:

பாஸ்கா விளக்கம் யோசிக்க வைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எபிரெயர் பற்றி இன்னும் எனக்கு முழுத் திருப்தி இல்லை, இருக்கட்டும். வேறு இரண்டு கேள்விகள். லேவியராகமம் 17இல் இரத்தத்தைப் புசிக்கவே கூடாது என்று கர்த்தர் கட்டளையிட்டிருக்கிறார். யூதரான இயேசு, யூதரான சீஷர்களிடம், மெய்யான இரத்தத்தைக் குடிக்கச் சொல்லியிருப்பாரா? இரண்டாவது, யோவான் 6:63. மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது என்று அவரே விளக்கிவிட்டாரே?

மறைக்கல்வி_அருள்:

நல்ல கேள்விகள். லேவியர் 17:11ஐ முழுதாக வாசியுங்கள். உயிர் இரத்தத்தில் இருக்கிறது, பாவக் கழுவாய்க்காக அதைப் பலிபீடத்தின்மேல் உங்களுக்குத் தந்திருக்கிறேன் என்கிறார் ஆண்டவர். தடைக்குக் காரணம் இரத்தம் அசுத்தம் என்பது அல்ல, உயிர் கடவுளுக்குரியது என்பதுதான். ஆட்டின் உயிரை மனிதன் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இங்கே கடவுளே தம் உயிரைத் தருகிறார். அதனால்தான் கேட்டவர்களுக்கு அவ்வளவு அதிர்ச்சி. "இவர் நமக்குத் தம் சதையை எப்படி உண்ணக் கொடுக்க முடியும்?" என்று வாதாடினார்கள் (யோவான் 6:52). சீடர்களில் பலர் இது கடினமான பேச்சு என்று முணுமுணுத்து, 6:66இல் விலகியே போனார்கள். வேறு இடங்களில் சீடர்கள் உவமையைத் தப்பாகப் புரிந்துகொண்டால் இயேசு திருத்துவார். பரிசேயரின் புளிப்பு மாவைப் பற்றிச் சொன்னபோது அவர்கள் அப்பத்தைப் பற்றி என்று நினைத்தார்கள், உடனே தெளிவாக்கினார் (மத்தேயு 16). இங்கே போகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்தவில்லை. பன்னிருவரிடம் திரும்பி, நீங்களும் போய்விட நினைக்கிறீர்களா என்றுதான் கேட்டார்.

6:63 பற்றி. எட்டு வசனத்துக்கு முன்னால் "என் சதை உண்மையான உணவு" என்றவர், இங்கே என் சதை உதவாது என்று சொல்லியிருந்தால் தம் பேச்சைத் தாமே அழித்ததாக ஆகும். சிலுவையில் கொடுத்த சதையும் உதவாது என்றாகிவிடும்! தூய ஆவி இல்லாமல், வெறும் மனித அறிவால் இதை எட்ட முடியாது என்பதுதான் பொருள். அதனால்தான் பூசையில் குரு காணிக்கைகள்மேல் கைகளை விரித்துத் தூய ஆவியை அனுப்பும்படி மன்றாடுகிறார். கவனித்துப் பாருங்கள், மணி அடிக்கும் நேரம் அது.

தரங்கை_லூத்தரன்:

இன்னொரு கேள்வி, இது எங்கள் பழைய வருத்தம். "இதில் எல்லோரும் பானம்பண்ணுங்கள்" என்று மத்தேயு 26:27 சொல்கிறது. உங்கள் கோவில்களில் மக்களுக்கு அப்பம் மட்டும்தானே?

மறைக்கல்வி_அருள்:

உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. உயிர்த்த கிறிஸ்துவைப் பிரிக்க முடியாது, ஆகவே அப்பத்தில் மட்டும் பெற்றாலும் முழுக் கிறிஸ்துவையே பெறுகிறோம் என்பது எங்கள் விசுவாசம். ஆனால் 1415இல் கொன்ஸ்தான்சு சங்கம் பொதுநிலையினருக்குக் கிண்ணம் இல்லை என்பதைச் சட்டமாக்கியது ஒழுங்குமுறை சார்ந்த முடிவு, விசுவாசக் கோட்பாடு அல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தக் கதவைத் திறந்தது. அடையாளம் என்று பார்த்தால் இரண்டையும் பெறுவதுதான் நிறைவானது என்று பூசைப் புத்தகத்தின் பொது விதிமுறையே சொல்கிறது. கூட்டம் பெரிது என்று காரணம் சொல்லாமல் பங்குகளில் இதை அடிக்கடி செய்யலாம் என்பது என் ஆசை.

மன்னார்க்கடல்:

எல்லாரும் மெய்யான பிரசன்னம், பலி என்று எழுதுகிறீர்கள். ஆனால் பவுல் கொரிந்தியரிடம் கோபப்பட்டது எதற்கு? 1 கொரிந்தியர் 11:21ஐப் பாருங்கள். ஒருவன் பசியாய் இருக்க, மற்றவன் குடித்து வெறிக்கிறான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். ஒரே அப்பம் ஆகையால் பலராயினும் ஒரே உடலாய் இருக்கிறோம் என்றும் அவர்தான் எழுதினார் (10:17). ஒரே பீடத்தில் நன்மை வாங்கிவிட்டு, சாதி பார்த்துக் கல்லறையில் தனி வரிசை போட்டால் அது என்ன?

மறைக்கல்வி_அருள்:

அக்கா, இதுதான் இந்த இழையிலேயே கனமான கேள்வி. தமிழ்நாட்டிலும் சாதி பார்த்துக் கோவிலுக்குள் தனி இடம், தனிக் கல்லறை என்று இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. 10:16இல் உடல் என்றால் கிறிஸ்துவின் உடல். அடுத்த வசனத்திலேயே உடல் என்றால் நாம். பவுல் இரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறார். 11:29இல் ஆண்டவரின் உடலை உணராமல் உண்பவர் தீர்ப்பை உண்கிறார் என்று எழுதும்போது, அப்பத்தை மட்டுமா மனதில் வைத்திருப்பார்? பசியோடு அனுப்பப்பட்ட அந்த ஏழையையும்தான். திருப்பலியின் விவிலிய அடிப்படையைக் காட்டி வாதத்தில் ஜெயித்துவிட்டு, இந்த வசனத்தைத் தாண்டிப் போகிற உரிமை எந்தக் கத்தோலிக்கனுக்கும் இல்லை.

தொடக்கச் சபை இதை மறக்கவில்லை. ஏறக்குறைய 155இல் யுஸ்தீன் என்கிற மறைசாட்சி ரோமைப் பேரரசர் அந்தோனினுஸ் பியுசுக்கு எழுதிய விளக்கத்தில் ஞாயிறு வழிபாட்டை வரிசையாகச் சொல்கிறார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். திருத்தூதர்களின் நினைவேடுகளோ இறைவாக்கினரின் எழுத்துகளோ நேரம் இருக்கும் அளவுக்கு வாசிக்கப்படுகின்றன. தலைமை தாங்குபவர் அறிவுரை சொல்கிறார். எல்லோரும் எழுந்து மன்றாடுகிறார்கள். அப்பமும், இரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படுகின்றன. தலைவர் நன்றி மன்றாட்டுச் சொல்ல மக்கள் ஆமென் என்கிறார்கள். வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் தரும் காணிக்கையில் அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், ஊருக்கு வந்த அந்நியர்கள் எல்லோரும் பராமரிக்கப்படுகிறார்கள். நம் ஞாயிறு பூசையை அப்படியே எழுதியதுபோல் இருக்கும்.

பழைய_பீடச்சிறுவன்:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இஸ்ரயேலில் மெகிதோ சிறை வளாகத்தில் 2005இல் ஒரு கிறிஸ்தவத் தொழுகைக் கூடத்தின் தரை கிடைத்தது. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அதில் கிரேக்கத்தில் ஒரு கல்வெட்டுப்போல: அகெப்தூஸ் என்ற பெண் இந்த மேசையை, கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு நினைவாக அளித்தார் என்று. கோவில் கோபுரம் எல்லாம் வருவதற்கு வெகுமுன்பே, ஒரு பெண் தன் காசில் வாங்கிக் கொடுத்தது ஒரு மேசை!

புதுநன்மை_அம்மா:

எல்லாவற்றையும் வாசித்தேன். என் மகள் இந்த வருடம் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்குகிறாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு எபிரேயர் திருமுகமெல்லாம் எப்படிச் சொல்வது? எளிதாக ஏதாவது சொல்லுங்களேன்.

மறைக்கல்வி_அருள்:

அம்மா, பிள்ளைக்குப் பூசையில் ஏற்கெனவே மனப்பாடமாய்த் தெரிந்த வரிகளிலிருந்து தொடங்குங்கள். வானவர் கீதத்தின் முதல் வரி பெத்லகேமில் வானதூதர் பாடியது (லூக்கா 2:14). தூயவர் தூயவர் என்பது எசாயா கண்ட காட்சி (6:3), யோவானும் அதையே விண்ணகத்தில் கேட்டார் (திருவெளிப்பாடு 4:8). இதோ இறைவனின் செம்மறி என்று குரு உயர்த்திக் காட்டும்போது பேசுவது திருமுழுக்கு யோவானின் வாய் (யோவான் 1:29). "ஆண்டவரே, நீர் எனது இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன்" என்று நன்மை வாங்குவதற்கு முன்னால் அவள் சொல்லப்போவது, ஓர் உரோமைப் படைவீரர் தலைவர் தன் வேலைக்காரனுக்காக இயேசுவிடம் சொன்னது (மத்தேயு 8:8). அவர் யூதர்கூட இல்லை. ஒரு வாரத்துக்கு ஒரு வரி போதும். அந்த இடத்தை விவிலியத்தில் எடுத்து அவளையே வாசிக்கச் சொல்லுங்கள்.

மற்றவர்கள் தொடர்ந்து படிக்க விரும்பினால், கிறிஸ்துவின் திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவின் மூன்று ஆண்டு வாசகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் இணைச் சட்டம் 8இன் மன்னா, 1 கொரிந்தியர் 10:16–17, யோவான் 6:51–58. இரண்டாம் ஆண்டில் விடுதலைப் பயணம் 24:3–8, எபிரேயர் 9:11–15, மாற்கு 14. மூன்றாம் ஆண்டில் மெல்கிசெதேக்கு வரும் தொடக்கநூல் 14:18–20, 1 கொரிந்தியர் 11:23–26, லூக்கா 9இல் அப்பம் பலுகிய நிகழ்ச்சி. வேதப்பிரியன், எபிரேயர் 9இல் உங்களுக்கு மீதி இருக்கும் கேள்வியை அங்கிருந்தே எழுதுங்கள், 9:24ஐயும் சேர்த்து வாசித்துவிட்டு. அங்கிருந்து தொடரலாம்.

வேதப்பிரியன்_நெல்லை:

வாசித்துவிட்டு எழுதுகிறேன் பிரதர். 9:24 முதல் 28 வரை மொத்தமாக எடுத்துப் பேச வேண்டும், நடுவில் வெட்டக் கூடாது. அது என் நிபந்தனை.

மறைக்கல்வி_அருள்:

சரி, அப்படியே ஆகட்டும்.